பிக்கப் வண்டியின் கதவு ஸ்பீக்கரை நாமே மாற்றலாம்

"அண்ணே, எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் போடலாம்?" ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வருகிற லோடு வண்டி டிரைவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர்தான் என் தொழில். வாட்ஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்ப்போம் என்று சொல்வேன். கதவில் மாட்டுகிற ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. பெட்டி சரியில்லாமல் எவ்வளவு விலைக்கு ஸ்பீக்கர் வாங்கிப் போட்டாலும் காசு வீண்.

என் தம்பி ஒரு மஹிந்திரா பொலீரோ பிக்கப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினான். காய்கறி ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காட்டுக்கு ராத்திரி ஓட்டம். முன்பு வைத்திருந்தவர், ரெக்ஸின் ஒட்டிய கதவு அட்டையில் வட்டமாக ஓட்டை வெட்டி, அந்த அட்டையிலேயே நாலு ஸ்குரூ போட்டு ஸ்பீக்கரை முடுக்கி வைத்திருந்தார். லோடு வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இந்த வேலையைத்தான். ஸ்பீக்கரின் பேப்பர் கோன் (முன்னும் பின்னும் ஆடிச் சத்தம் தருகிற கூம்பு) ஈரத்தில் ஊறி ஓரம் கிழிந்திருந்தது. சத்தம் கூட்டினால் கரகரவென்று அடித்தது. அந்த வண்டியில் செய்த வேலையைத்தான் கீழே எழுதுகிறேன். டாடா யோதாவோ இசுஸு டி-மேக்ஸோ, எது வைத்திருந்தாலும் கிளிப்பும் ஸ்குரூவும் இருக்கிற இடம்தான் மாறும்.

அட்டையில் மாட்டினால் என்ன கெடுகிறது

கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்று அழுந்துகிறது. அதே நேரத்தில் பின்பக்கக் காற்றின் அழுத்தம் குறைகிறது. இந்த இரண்டும் சந்திக்க வழி இருந்தால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். இதில் முதலில் காணாமல் போவது பாஸ், அதாவது அடிச்சத்தம். அட்டைக்கும் அதன் பின்னால் இருக்கிற கதவுத் தகட்டுக்கும் நடுவே இடைவெளி, தகட்டில் மெக்கானிக் கை விடுவதற்கென்று பெரிய பெரிய துளைகள், கூடவே அட்டையும் சேர்ந்து ஆடுகிறது. அப்புறம் தபலாச் சத்தம் எங்கிருந்து வரும்?

பிக்கப்புக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் 2,400 ஆர்.பி.எம்.-ல் ஓடும்போது, ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் வீதம், நொடிக்கு 80 முறை எரிகிறது. அதாவது கேபினுக்குள் 80 ஹெர்ட்ஸ் உறுமல் எப்போதும் நிற்கிறது. பாட்டின் அடிச்சத்தம் இந்த உறுமலில் மறைந்துபோவதால் டிரைவர் சவுண்டைக் கூட்டுகிறார். கூட்டக் கூட்ட மேல்சத்தம் மட்டும் காதைக் குத்தும். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டுகிறவருக்கு அது அசதி. அவருக்குத் தேவை தெளிவான குரலும், குரலைத் தாங்குகிற அளவுக்குக் கீழ்ச்சத்தமும். ஸ்பீக்கரைத் தகட்டோடு இறுக்கி, முன்காற்றையும் பின்காற்றையும் பிரித்துவிட்டால் இரண்டும் கிடைத்துவிடும்.

என்ன வாங்குவது

கடைக்குப் போகும் முன் அட்டையைக் கழற்றி மூன்று அளவு எடுங்கள். தகட்டில் இருக்கிற துளையின் விட்டம், ஸ்குரூ துளைகளுக்கு இடையிலான தூரம், கண்ணாடியை முழுக்க இறக்கி வைத்துத் தகட்டிலிருந்து கண்ணாடி வரை உள்ள ஆழம். மூன்றாவதுதான் பலருக்கும் தவறிப்போகிறது. 6.5 அங்குல ஸ்பீக்கருக்குப் பொதுவாக 50 முதல் 65 மி.மீ. ஆழம் வேண்டும். இடம் போதாமல் போனால் கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் முட்டும். அட்டைக்குப் பின்னால் வளையம் வைத்து ஸ்பீக்கரை வெளியே தள்ளலாம், ஆனால் அட்டையில் இருக்கிற இடத்துக்கு மேல் தள்ள முடியாது. ஆழம் குறைந்த ஸ்லிம் மாடல்களும் கடையில் கிடைக்கின்றன.

வாட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி ஸ்டீரியோ செட்டின் அட்டைப் பெட்டியில் 50 வாட்ஸ், நாலு சேனல் என்று போட்டிருப்பார்கள். சாதாரண செட்டுக்குள் மின்னழுத்தத்தை ஏற்றுகிற சர்க்யூட் கிடையாது. இன்ஜின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். ஸ்பீக்கருக்குப் போகிற அலையின் உச்சம் அதைத் தாண்டாது. ஆர்.எம்.எஸ்., அதாவது நிஜமாக வேலை செய்கிற அளவுக் கணக்கில் அது சுமார் 10 வோல்ட். 10-ஐ 10-ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் 25 வாட்ஸ். சத்தம் சிதையாமல் கேட்க வேண்டுமென்றால் 15 முதல் 20 வாட்ஸ்தான் நிஜம். அதனால் ஸ்பீக்கர் மேல் "மேக்ஸ் 300 வாட்ஸ்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்.எம்.எஸ். எவ்வளவு, சென்சிட்டிவிட்டி (ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) எத்தனை டெசிபல் என்று பாருங்கள். 87 டெசிபல் ஸ்பீக்கரில் வருகிற சத்தம் 90 டெசிபல் ஸ்பீக்கரில் பாதி பவரிலேயே வந்துவிடும், ஏனென்றால் 3 டெசிபல் என்பது இரண்டு மடங்கு பவர். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத லோடு வண்டிக்கு 90-க்கு மேல் இருப்பதை எடுங்கள்.

ஓம் 4 இருக்க வேண்டும். வீட்டு ஸ்பீக்கர் பெரும்பாலும் 8 ஓம், அதைப் போட்டால் சத்தம் குறையும். ஒரே சேனலில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பேரலலாக, அதாவது பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். செட்டின் ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. (சிப்) சூடேறிப் போகும். கோன் பாலிபுரொப்பிலீனாக இருக்கட்டும், கதவுக்குள் ஈரம் எப்போதும் இருக்கும். கோஆக்ஸியல் வகை, அதாவது நடுவிலேயே ட்வீட்டர் (மேல்சத்தம் தருகிற குட்டி ஸ்பீக்கர்) உட்கார்ந்திருப்பது, இந்த வேலைக்குப் போதும். ட்வீட்டர் தனியாக வருகிற காம்போனென்ட் செட் காரில் நன்றாக இருக்கும். பிக்கப்பில் கதவு முழங்காலுக்குப் பக்கத்தில் இருப்பதால், ட்வீட்டரை டேஷ்போர்டு மூலையில் ஏற்றி வைக்கத் தயாராக இருக்கிறவர்கள் மட்டும் அதை வாங்குங்கள்.

அட்டையைக் கழற்றுவது

முதல் வேலை பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுவது. சைடு ஏர்பேக் இருக்கிற புது வண்டிகளில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் கதவில் கை வைக்க வேண்டும். அப்படிப்பட்ட சில வண்டிகளில் கதவுக்குள் காற்றழுத்த சென்சார் இருக்கும். அவற்றில் தகட்டில் புதிதாக ஓட்டை போடவோ இருக்கிற ஓட்டையை அடைக்கவோ கூடாது. இருக்கிற இடத்தில் ஸ்பீக்கரை மட்டும் மாற்றுங்கள்.

கண்ணாடி ஏற்றுகிற கைப்பிடி சில வண்டிகளில் மூடிக்கு அடியில் ஒரு ஸ்குரூவில் நிற்கும். சிலவற்றில் பின்னால் லாட வடிவக் கிளிப் இருக்கும். கிளிப் என்றால் கைப்பிடிக்கும் அட்டைக்கும் இடையில் ஒரு பழைய துணியை நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுங்கள். கிளிப் துள்ளி வெளியே வரும். அது எங்கே விழுகிறது என்று கண் வைத்திருங்கள். கழற்றும் முன் கண்ணாடியை முழுக்க ஏற்றி, கைப்பிடி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கதவை இழுத்துச் சாத்துகிற பிடியின் ஸ்குரூ, லாக் கைப்பிடியைச் சுற்றியிருக்கிற பிளாஸ்டிக். அப்புறம் அட்டையின் ஓரம். இரும்பு ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் பெயிண்ட் போகும், அட்டையும் பிய்யும். அகலமான பிளாஸ்டிக் நெம்பி வாங்கிக்கொள்ளுங்கள். கீழ் மூலையில் ஆரம்பித்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் பக்கத்திலேயே நெம்பி எடுங்கள். பழைய கிளிப்கள் சில உடையத்தான் செய்யும். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அதே கிளிப் ஒரு பாக்கெட் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும். லோடு வண்டிகளில் யாரோ ஒரு மெக்கானிக் எப்போதோ கிழித்துப் போட்டிருப்பார். அந்த ஷீட் சும்மா இல்லை. மழைத் தண்ணீர் கண்ணாடியோடு இறங்கிக் கதவுக்குள்தான் போகும், அடியில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாக வடியும். நடுவில் அந்தத் தண்ணீர் அட்டைமேல் தெறிக்காமல் தடுப்பது ஷீட். அது இல்லாததால்தான் கதவு அட்டை ஊறி உப்பிப்போகிறது. கிழிந்திருந்தால் கட்டியான பாலித்தீன் ஷீட்டை அதே வடிவத்தில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பியை விட்டு வடிகால் துளைகளையும் இப்போதே குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். எங்கள் தம்பி வண்டியில் சேறும் காய்ந்த கொத்தமல்லித் தழையும் சேர்ந்து அடைத்திருந்தன.

கம்பெனி ஸ்பீக்கராக இருந்தால் ரிவெட் அடித்திருக்கலாம். ரிவெட் தலையை டிரில் பிட்டால் மெதுவாகக் குடைந்து எடுங்கள்.

வளையம்

ஸ்பீக்கரையும் தகட்டையும் பிணைக்க ஒரு வளையம் வேண்டும். எம்.டி.எஃப். பலகை வேண்டாம், ஈரம் பட்டால் உப்பிவிடும். கிச்சன் கப்போர்டு செய்கிற கார்பென்டரிடம் 12 மி.மீ. பி.வி.சி. பலகைத் துண்டு கேளுங்கள். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஜிக்ஸாவில் சுலபமாக அறுபடும். மெரைன் பிளைவுட் கிடைத்தால் அறுத்த ஓரமெல்லாம் இரண்டு கோட் பெயிண்ட் அடித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

முதலில் கார்ட்போர்டில் வெட்டிப் பாருங்கள். கதவில் வைத்து, கண்ணாடியைக் கீழே வரை இறக்கி ஏற்றி, லாக் கம்பி எங்கும் உரசாமல் போகிறதா என்று பார்த்தபின் பலகையில் வரையுங்கள். தகட்டில் துளை இல்லையென்றால் தகட்டையும் அறுக்க வேண்டி வரும். அப்போது கதவுக்குள் குறுக்கே போகிற பலமான குழாய்மீது கை வைக்காதீர்கள். பக்கவாட்டில் வண்டி இடித்தால் ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

தகட்டை அறுத்தால் இரண்டு விஷயம் கட்டாயம். அறுத்த ஓரத்தில் ரெட் ஆக்சைடு பூசிக் காயவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்காலத்தில் துரு ஆரம்பிக்கும். இரும்புத் தூளை எல்லாம் வேக்யூமால் இழுத்து, ஈரத்துணியால் துடைத்து முடித்த பிறகுதான் புது ஸ்பீக்கரை டப்பாவிலிருந்து எடுக்க வேண்டும். காந்தம் அந்தத் தூளை இழுத்துக்கொள்ளும். வாய்ஸ் காயில் (கோனை ஆட்டுகிற கம்பிச் சுருள்) ஆடுகிற இடுக்கில் ஒரு துகள் போனாலும் ஸ்பீக்கர் காலம் முழுக்கச் சொரசொரக்கும். அதை எடுக்க வழியே இல்லை.

வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி மெத்தென்று ஒட்டுகிற டேப்) ஒரு சுற்று. துரு ஏறாத போல்ட், நட், வாஷர் போட்டு இறுக்குங்கள். செல்ஃப் டேப்பிங் ஸ்குரூ லோடு ஏற்றி ஓடுகிற குலுக்கலில் கழன்றுவிடும்.

கதவைப் பெட்டியாக்குவது

நேரம் அதிகம் பிடிப்பதும், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதும் இந்த இடத்தில்தான். இதைப் பொறுமையாகச் செய்யுங்கள்.

கதவின் வெளித்தகட்டை உள்பக்கமிருந்து விரலால் தட்டிப் பாருங்கள், டங்கென்று ஒலிக்கும். அலுமினியம் ஃபாயில் ஒட்டிய பியூட்டைல் டேம்பிங் ஷீட்டை ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஒட்டினால் அந்த ஒலி டப்பென்று அமுங்கிவிடும். தகட்டைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை போன பிறகு ஒட்டி, ரோலரால் அழுத்தித் தேயுங்கள். காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. தகடு முழுவதும் மூட வேண்டிய அவசியம் இல்லை. கால்வாசி, மூன்றில் ஒரு பங்கு மூடினாலே போதும். அதற்கு மேல் ஒட்டுவது கதவின் எடையைக் கூட்டும், கீல்தான் வாங்கும்.

அடுத்து உள்தகட்டில் இருக்கிற பெரிய துளைகள். இவற்றை நிரந்தரமாக அடைத்துவிட்டால் நாளைக்குக் கண்ணாடி ரெகுலேட்டர் போனால் மெக்கானிக் திட்டுவார். கடை போர்டு செய்கிறவர்களிடம் ஏ.சி.பி. ஷீட் (இருபக்கமும் அலுமினியம் ஒட்டிய பிளாஸ்டிக் பலகை) துண்டு கிடைக்கும். துளையைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி, ஓரத்தில் பியூட்டைல் டேப் வைத்து ஸ்குரூவில் பிடியுங்கள். வேண்டும்போது கழற்றலாம். வடிகால் துளை, லாக் கம்பி, கண்ணாடி ஓடுகிற பாதை, இந்த மூன்றிலும் எதையும் ஒட்டிவிடாதீர்கள். ஏ.சி.பி. துண்டு பிடித்த இடத்துக்கும் மேலாகப் பிளாஸ்டிக் ஷீட் பழையபடி வர வேண்டும். அதன் கீழ் ஓரம் கதவின் உள்பக்கமாகச் சொருகி நின்றால்தான் தண்ணீர் உள்ளேயே வடியும்.

லாக் கம்பிகளும் வயர்களும் தகட்டில் தட்டுகிற இடங்களில் ஃபெல்ட் துணி அல்லது ஃபோம் டேப் சுற்றுங்கள்.

வயரிங்

வெளியில் வாங்குகிற செட்களில் வயர் நிறம் பொதுவாக ஒரே மாதிரி இருக்கும்: முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். வண்டியோடு வந்த வயரில் இந்த நிறங்கள் இருக்க வேண்டுமென்று இல்லை.

ஸ்பீக்கரின் மைனஸை பாடியில் எர்த் செய்யாதீர்கள். பழைய காலத்து செட்களில் அப்படிச் செய்வார்கள். இன்றைய செட்டில் மைனஸ் வயரிலும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீடுதான் வருகிறது. பாடியில் தொட்டால் ஐ.சி.க்கு ஆபத்து. இடது மைனஸையும் வலது மைனஸையும் ஒன்றாக முறுக்குவதும் அதே தப்பு. என் மேஜைக்கு வருகிற எரிந்த செட்களில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

எந்த வயர் பிளஸ் என்று சந்தேகமா? செட்டிலிருந்து அந்த இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, மறுமுனையில் ஸ்பீக்கர் மாட்டி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொடுங்கள். கோன் வெளியே வந்தால் செல்லின் பிளஸ் பட்ட வயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளில் அகலமானது பிளஸ். மல்டிமீட்டரில் நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் 3.2-லிருந்து 3.8 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வாய்ஸ் காயில் அறுந்துவிட்டது.

புது வயர் இழுப்பதாக இருந்தால், கதவுக்கும் பாடிக்கும் இடையில் இருக்கிற ரப்பர் குழாய்க்குள்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு ஜி.ஐ. கம்பியில் வயரைக் கட்டி, குழாய்க்குள் கொஞ்சம் டால்கம் பவுடர் போட்டு இழுத்தால் வந்துவிடும். கதவு இடுக்கில் வெளியே விட்டால் சாத்திச் சாத்தி ஒருநாள் வயர் வெட்டுப்பட்டு ஷார்ட் ஆகும்.

சால்டரிங் என் தொழில்தான். ஆனாலும் கதவுக்குள் நான் கிரிம்ப் லக்கைத்தான் (வயர் முனையில் அழுத்திப் பிடிக்கிற உலோக முனை) விரும்புகிறேன். ஈயம் ஏறிய வயர் விறைத்துப்போய், குலுக்கலில் அந்த ஓரத்திலேயே ஒடிகிறது. நல்ல கிரிம்பிங் பிளையரால் லக் அடித்து, மேலே ஹீட் ஷ்ரிங்க் போட்டு, வயரைத் தகட்டோடு ஒரு டையில் கட்டிவிடுங்கள். வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் கதவுக்குள் இருக்கவே கூடாது, வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும்.

மூடுவதற்கு முன்

அட்டையை மாட்டும் முன்பே பேட்டரியை இணைத்துப் பாட்டுப் போடுங்கள். செட்டில் பாஸ் பூஸ்ட், லவுட்னஸ் எல்லாவற்றையும் அணைத்து, பேலன்ஸை நடுவில் வையுங்கள். ஒரு மனிதக் குரல் பேசட்டும். எங்கள் பக்கம் 100.5-ல் கோடை எஃப்.எம். நன்றாக எடுக்கும். அறிவிப்பாளர் குரலை வைத்தே நான் பார்ப்பேன். குரல் டேஷ்போர்டு நடுவிலிருந்து வருகிற மாதிரி நின்றால் சரி. எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடாமல் பரவி, பாஸும் செத்திருந்தால் ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அந்த ஒரு ஸ்பீக்கரில் மட்டும் லக்குகளை மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 50-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். எங்காவது கடகடவென்று ஆடினால் அந்த எண்ணிலேயே நிறுத்தி, கையால் தகட்டையும் கம்பியையும் மாறிமாறி அழுத்திப் பாருங்கள். ஆட்டம் நிற்கிற இடத்தில் ஃபோம் வையுங்கள்.

அட்டையைப் பொருத்தும்போது ஸ்பீக்கரின் விளிம்பைச் சுற்றி ஒரு ஃபோம் வளையம் ஒட்டுங்கள். அட்டையை அழுத்தியதும் அது நசுங்கி, சத்தம் முழுவதும் அட்டையில் இருக்கிற ஸ்பீக்கர் ஜாலி (வலை) வழியாகவே வெளியே வரும். இல்லையென்றால் பாதி அட்டைக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

செட்டில் கீழ்ச்சத்தத்தை வெட்டுகிற ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே எப்படியும் இன்ஜின் உறுமல்தான் கேட்கப்போகிறது. அந்த வேலையை ஸ்பீக்கரிடமிருந்து எடுத்துவிட்டால் குரல் இன்னும் தெளியும், சத்தத்தையும் கூடுதலாகத் தாங்கும். வால்யூமைச் சத்தம் சிதைய ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சிதைந்த அலையை விடாமல் ஓட்டுவதுதான் ட்வீட்டரை எரிக்கிறது.

முதல் நல்ல மழைக்கு மறுநாள் கதவு அட்டையின் கீழ் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் பிளாஸ்டிக் ஷீட் அந்தப் பக்கம் சரியாக ஒட்டவில்லை. அட்டையை மறுபடி கழற்றி, அந்த ஓரத்தைத் துடைத்துக் காயவைத்து, புதிதாக பியூட்டைல் டேப் வைத்து அழுத்திவிடுங்கள்.